படத்தின் ஓரத்தில் ஒரு கை

தொம்மை வீடா? காட்டுறேன் தம்பி, அதுல என்ன இருக்கு. ஆனா இப்பப் போனா பூட்டுதான் தொங்கும். அவன் கடலுக்குப் போயிருக்கான். அவன் பொண்டாட்டி ரீத்தா கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கிட்டு சந்தைக்குப் போயிருப்பா. ரீத்தா என் கூடப்பிறந்த தங்கச்சி. ஆக, தொம்மை எனக்கு மச்சான். இங்கனயே உக்காருங்க, இந்தப் பழைய வள்ளத்து நிழல்ல. கரையேறுனா அவன் இந்தப் பக்கமாத்தான் வரணும். நான் வலைக் கிழிசலைக் கட்டிக்கிட்டே பேசுறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது.

ஆவுளியா விஷயமாத்தானே வந்திருக்கீங்க? பையைப் பாத்தாலே தெரியுது, உள்ள கேமராதான். இந்த மாதிரிப் பையோட பஸ்ஸை விட்டு இறங்குற எல்லாரும் மொதல்ல கேக்குறது தொம்மை வீடு எதுன்னுதான். இன்னாசி வீடு எதுன்னு கேட்டு வந்த ஆளை நான் இதுவரைக்கும் கண்டதில்லை. இன்னாசிங்கிறது நான்தான். சரி, அதை விடுங்க.

நீங்க கடல்பசுன்னு சொல்லுவீங்க. எங்களுக்கு அது ஆவுளியா. கரையில நின்னு பாத்தா உங்களுக்கு வெறும் தண்ணிதான் தெரியும். வள்ளத்துல கொஞ்ச தூரம் போங்க, தண்ணியோட நிறம் மாறும். கரும்பச்சையா இருக்கும். கீழ பூராவும் கடல்புல்லு. நண்டுக்குஞ்சு, றால், மீன்குஞ்சு எல்லாம் அதுக்குள்ளதான் வளருது. கடல்குதிரை புல்லுல வாலைச் சுத்திக்கிட்டு நட்டமா நிக்கும். அந்தப் புல்லைத்தான் ஆவுளியா மேயுது. தண்ணி தெளிஞ்ச நாள்ல மேஞ்ச தடம் தெரியும், ஏர் ஓட்டுன மாதிரி கோடு கோடா. தடத்தை இந்த ஊர்ல எல்லாரும் பாத்திருக்கோம். ஆளைப் பாக்குறதுதான் லேசுல அமையாது. மேல வந்து புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விடும், மூக்கு மட்டும் தெரியும், நீங்க திரும்புறதுக்குள்ள காணாமப் போயிரும்.

அது மீன் இல்ல தம்பி. நம்மள மாதிரிதான், மூச்சுக்கு மேல வந்தாகணும். வலையில மாட்டி மேல வரமுடியாமப் போச்சுன்னா கொஞ்ச நேரந்தான், முடிஞ்சுரும். அதனாலதான் இந்தக் கடலைப் பாதுகாப்பகம்னு அறிவிச்சப்ப, வனத்துறை ஆளுங்க வந்து கூட்டம் போட்டுச் சொன்னாங்க. புல்லு இருக்கிற இடத்துல திருக்கை வலை போடாதீங்க, தப்பித்தவறி மாட்டுனா உடனே அறுத்து விடுங்கன்னாங்க. நானும் அந்தக் கூட்டத்துல இருந்தேன். மொத வரிசையில இருந்தேன். தொம்மை கடைசியில நின்னுக்கிட்டிருந்தான். கேட்டுப் பாருங்க, இல்லைன்னு சொல்ல மாட்டான்.

அப்பல்லாம் நாங்க ரெண்டு பேரும் ஒரே வள்ளம். வள்ளம் என்னுது, வலை என்னுது, கிடைக்கிற மீன் பாடு ரெண்டு பேருது. தங்கச்சியைக் கட்டுறதுக்கு முந்தியே எங்களுக்குப் பழக்கம். அவன் அதிகம் பேச மாட்டான். நான் பேசுவேன். கடல்ல அது ஒரு நல்ல சோடி. நான் நாள் பூரா பேசுவேன், அவன் ம் கொட்டுவான். ஒரு தடவைகூட எதுத்துப் பேசுனதில்லை. இப்படி ஒரு ஆளுக்குள்ள இவ்வளவு இருக்கும்னு யாருக்குத் தெரியும்?

அன்னைக்கு விடியக்காலையில வலையைத் தூக்குறோம். புது வலை தம்பி. முந்துன நாள்தான் தண்ணியில இறக்குனது. கனமா இருந்துச்சு. அடியில எதுலயோ சிக்கிக்கிச்சுன்னு நினைச்சேன். பாத்தா வலை நகருது. பக்கத்துலயே ஒரு குட்டி, சின்ன எருமைக்கன்னு அளவுக்கு, சுத்திச் சுத்தி வருது, வெளிய. உள்ள தாய். முதுகு மேல வருது, மூக்கு வரமாட்டேங்குது. தொம்மை கத்தியை எடுத்துட்டான். என்னைப் பாத்து, "மச்சான், அறுக்கட்டுமா?"ன்னு கேட்டான்.

நான் பொறுன்னு சொன்னேன்.

இதைத்தான் ஊர்ல தப்பாப் பேசுறாங்க. நான் அறுக்காதேன்னு சொல்லலை. பொறுன்னுதான் சொன்னேன். வலைன்னா அதுக்கு ஒரு அறுக்கிற இடம் இருக்கு தம்பி. அங்க அறுத்தா திரும்பக் கட்டிரலாம். கண்டபடி அறுத்தா மொத்தமும் போச்சு. அதை யோசிக்க ஒரு ஆளுக்கு நேரம் வேணாமா? அவன் நேரமே குடுக்கலை. என் மூஞ்சியை ஒரு தடவை பாத்தான், குதிச்சுட்டான். நான் வள்ளத்துல இருந்து கயித்தைப் பிடிச்சுக்கிட்டேன். அதுவும் வேலைதான். நான் பிடிக்கலைன்னா வள்ளம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். அவன் எங்க, ஆவுளியா எங்க?

அந்த நேரம் பாத்து அடுத்த வள்ளம் ஒண்ணு வந்துச்சு. அதுல இருந்த ஒருத்தன் போன்ல படம் எடுத்தான். அந்தப் படத்தைத்தான் நீங்க பாத்திருப்பீங்க. ஊரு உலகமே பாத்துருச்சு. தொம்மை நெஞ்சளவு தண்ணியில. அவன் தோளை ஒட்டி ஆவுளியாத் தலை, வாய்கிட்ட இருக்கிற முரட்டு மயிர் வரைக்கும் தெரியுது. பின்னால குட்டியோட முதுகு. இடது ஓரத்துல பாருங்க, வள்ளத்து விளிம்பு. விளிம்பு மேல ஒரு கை, கயித்தைப் பிடிச்சிருக்கும். அந்தக் கை என் கை. இந்தத் தழும்பைப் பாருங்க, கெளுத்தி முள்ளு ஏறுனது. படத்தைப் பெரிசாக்கிப் பாத்தா இந்தத் தழும்புகூடத் தெரியும். ஒரு பத்திரிகையில போட்டாங்க, பாதிப் பக்கத்துக்கு. அதுல இடம் பத்தலைன்னு கையையும் வெட்டிட்டாங்க. கண்டபடி அறுத்துத் தாயை விட்டான், வலை போனது எனக்கு. கையும் போச்சு.

நான் பொறாமைப்படுறேன்னு நினைக்காதீங்க. எனக்கு எதுக்குப் பொறாமை. நடந்ததைச் சொல்றேன்.

அப்புறம் கரையில விழா. பந்தல் போட்டாங்க. தார்ப்பாய் என்னுது, நான்தான் குடுத்தேன். பெரிய அதிகாரிங்கள்லாம் வந்து தொம்மைக்கு சால்வை போட்டாங்க. மைக்கைக் குடுத்துப் பேசச் சொன்னா அவனுக்கு எங்க பேச வரும். வேர்த்துக் கொட்டுது. கடைசியில, "என் மச்சான் இன்னாசியும் கூட இருந்தாரு, வலை அவருதுதான்"னு சொல்லிட்டு உக்காந்துட்டான். கூட இருந்தாராம். கேட்டீங்களா? கல்யாண வீட்டுக்குக் கூடப் போன மாதிரி. எல்லாரும் திரும்பி என்னைப் பாத்துக் கை தட்டுனாங்க. எனக்கு எங்கயாவது எந்திரிச்சுப் போயிரலாம்னு இருந்துச்சு.

அதோட விட்டாங்களா. பள்ளிக்கூடத்துச் செவுத்துல படம் வரைஞ்சாங்க, தொம்மையும் ஆவுளியாவும். அவனுக்கு மீசையே கிடையாது, வரைஞ்ச ஆளு மீசை வச்சு விட்டான். என் பேத்தி அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறா. டீச்சர் நம்ம ஊர்ப் பெரியவர் ஒருத்தரைப் பத்தி எழுதச் சொன்னா, இவ தொம்மை தாத்தாவைப் பத்தி எழுதி, சத்தம் போட்டு என் முன்னாலயே படிச்சுக் காட்டுறா. நான் நல்லா இருக்கும்மான்னு சொன்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

என் பொண்டாட்டி சலேத்து இருக்காளே, அவ பத்திரிகைப் படத்தை விட்டுட்டு, யார்கிட்டயோ சொல்லி அந்த முழுப் படத்தை அச்செடுத்து வாங்கிட்டு வந்து பீரோக் கதவுல ஒட்டுனா. மாதா படத்துக்குப் பக்கத்துல. தினம் சட்டை எடுக்கப் போனா தொம்மை மூஞ்சியிலதான் முழிக்கணும். எதுக்குடி இதை இங்க ஒட்டியிருக்கேன்னு கேட்டேன். "உங்க கை இருக்குல்ல அதுல"ன்னு சொல்றா. கையைப் பாக்குறதுக்காக யாராவது படம் ஒட்டுவாங்களா தம்பி? தொம்மை அவளுக்கு அண்ணன் முறை. அண்ணன் பெருமைக்கு ஒட்டியிருக்கா. எனக்குத் தெரியாதா. கிழிக்கச் சொன்னேன். அவ கிழிக்கலை. நானும் கிழிக்கலை.

அந்த வருஷம் மழைக்கு முந்தி நான் அவன்கிட்ட, இனிமே நான் தனியாப் போறேன் மச்சான், நீ வேற வள்ளம் பாத்துக்கன்னு சொல்லிட்டேன். இதுக்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்லை. மீன் பாடு குறைஞ்சு போச்சு. ரெண்டு குடும்பம் ஒரு வள்ளத்துல சாப்பிட முடியாது. அவன் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலை. தூண்டிப் பெட்டியை எடுத்துக்கிட்டு இறங்கிட்டான். கேட்டிருந்தா நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் கேக்காததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ரீத்தா வந்தா. வாசல்ல நின்னுக்கிட்டு, உள்ள வரமாட்டேன்னுட்டா. "அண்ணே, அவரு உன்னை என்ன செஞ்சாரு?"ன்னு கேட்டா. என்ன செஞ்சான்னு நான் என்னத்தைச் சொல்ல? ஒண்ணும் செய்யலையேன்னு சொன்னேன். "அப்ப ஒண்ணும் செய்யாத மனுசனை ஏண்ணே இறக்கி விட்ட?"ன்னா. பொம்பளைங்களுக்குத் தொழில் விஷயம் புரியாது. அவ அழுதுக்கிட்டே போனா. சலேத்து அன்னைக்கு எனக்குச் சோறு போட்டு வச்சுட்டு எதுத்தாப்ல உக்காராம அடுப்படிக்குப் போயிட்டா. வீட்ல எல்லாரும் அவன் கட்சி. நான் செத்துக்கித்துப் போனாலும் பெட்டியைத் தூக்க அவன்தான் முன்னால நிப்பான், ஊரும் அவனைத்தான் பாக்கும்.

தம்பி, தண்ணி குடிக்கிறீங்களா? அந்தக் குடத்துல இருக்கு. நல்ல தண்ணிதான், பயப்படாதீங்க.

அவன் வேற வள்ளத்துல கூலிக்குப் போனான். நான் தனியாப் போனேன். வாடைக்காத்து அடங்கி, தை முடிஞ்சு, கடல் அமந்துச்சு. என் மகன் வெளியூர்ல வேலை பாக்குறான், அவன் எனக்கு ஒரு போன் வாங்கி அனுப்புனான். நல்ல கேமரா உள்ள போனா அனுப்புடான்னு நான்தான் கேட்டேன். எதுக்குன்னா, ஒரு அவசரத்துக்கு வேணும்ல. அதை பிளாஸ்டிக் பையில போட்டுக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டேன்.

திருக்கை வலையைத்தான் போட்டேன். புல்லு மேல போடலை. புல்லுக்குப் பக்கத்துல போட்டேன். காலையில போய்ப் பாத்தா வலை புல்லு மேல கிடக்கும். நீரோட்டம் இழுத்துக்கிட்டுப் போயிரும். மறுநாளும் அங்கனயே போட்டேன், மறுநாளும் இழுத்துச்சு. அந்த மாசம் பூரா நீரோட்டம் அப்படித்தான் இருந்துச்சு. நான் என்ன செய்ய? வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடுனா தூக்கம் வராது. என்னத்துக்கோ மனசு அடிச்சுக்கிட்டே கிடக்கும். எப்படா விடியும், போய்ப் பாப்போம்னு.

ஒரு நாள் மாட்டுச்சு.

நல்லா விடிஞ்சிருந்துச்சு அப்ப. வலையோட ஒரு பக்கம் அமுங்கிக் கிடக்கு. கிட்டப் போனா, புஸ்ஸுன்னு சத்தம். இளசு. போன தடவை சுத்திச் சுத்தி வந்துச்சே அந்தக் குட்டிதானோ என்னமோ, சொல்ல முடியாது. வால் வலையில சிக்கியிருக்கு. தலை வெளிய இருக்கு. மேல வருது, மூச்சு விடுது, கீழ போகுது. உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லை அப்ப. அதைத் தெளிவாச் சொல்லிக்கிறேன். நான் பாத்தப்ப அது நல்லாத்தான் இருந்துச்சு.

உடனே அறுத்திருக்கலாமேன்னு நீங்க நினைக்கிறீங்க. மூஞ்சியில தெரியுது. அறுத்தா யாரு பாத்தா? தன்னந்தனியா ஒருத்தன் கடல்ல ஆவுளியாவை அறுத்து விட்டேன்னு கரைக்கு வந்து சொன்னா, இந்த ஊரு நம்புமா? தொம்மையைப் பாத்துட்டு இவனும் கிளம்பிட்டான்னு சிரிக்கும். ஒரு படம். ஒரே ஒரு படம் போதும், என் மூஞ்சியும் அதோட மூஞ்சியும் சேர்ந்து. எடுத்துட்டு அறுத்துர வேண்டியதுதான். அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிரும்?

ஒரு கையால வலையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால போனைத் திருப்பிப் பிடிச்சேன். என் தலையும் வானமும்தான் விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தா அது கீழ போயிருது. அது மேல வர்றப்ப வள்ளம் ஆடிருது. ஆவுளியா மூக்கு விழுந்தா என் மூஞ்சி இல்லை, என் மூஞ்சி விழுந்தா தண்ணிதான் இருக்கு. இப்படியே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் தூரத்துல ஒரு வள்ளம் தெரிஞ்சுச்சு. துண்டைக் கழட்டி வீசுனேன். யாரா இருந்தாலும் வரட்டும், எடுத்துக் குடுக்கட்டும்னு.

அதுக்குள்ள இது புரளுது. புரளப் புரள வலை சுத்திக்கிச்சு. மொதல்ல வால்தான் மாட்டியிருந்துச்சு, இப்ப கையும் மாட்டிக்கிச்சு. அதுக்குத் துடுப்பு மாதிரிக் குட்டைக் கை உண்டு. மூச்சுக்கு வர்றது குறைஞ்சு போச்சு. அப்புறம் வரலை. நான் பேர் சொல்லிக் கூப்பிடுறேன், ஆவுளியா, ஆவுளியான்னு. ஒரு விலங்கைப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன் தம்பி. கயித்தை இழுக்குறேன், கனத்துல அசையலை.

அந்த வள்ளம் வந்துச்சு. அதுல யாரு இருப்பான்னு நினைக்கிறீங்க? இத்தனை பெரிய கடல்ல, இத்தனை வள்ளம் போற கடல்ல, அவன்தான் வரணுமா?

தொம்மை என்கிட்ட ஒண்ணும் கேக்கலை. வள்ளம் நிக்கிறதுக்கு முந்தியே குதிச்சுட்டான். கீழ போய்த் தோளைக் குடுத்து அதைத் தூக்குறான். அவ்வளவு கனத்தையும் தூக்குறான். மூக்கு மேல வந்துச்சு. ரெண்டு ஓட்டையும் மூடிக் கிடக்கு. ஒரு நிமிசம் ஒண்ணும் இல்லை. அப்புறம் திறந்துச்சு. புஸ்ஸுன்னு அந்த மூச்சு வந்துச்சு பாருங்க, என் மூஞ்சி மேல தண்ணி தெறிச்சுச்சு.

அப்ப என் கையில போன் இருந்துச்சு. என் கட்டைவிரல் தானா அமுங்கிருச்சு. படம் விழுந்துருச்சு. பாத்தேன். அவ்வளவு தெளிவா விழுந்திருக்கு. தொம்மையும் ஆவுளியாவும். நான் எங்கயும் இல்லை. எடுத்ததே நான்தானே, நான் எப்படி இருப்பேன்?

"மச்சான், கத்தி"ன்னான் தொம்மை.

கத்தி பின்பக்கம் கயித்துக்கு அடியில கிடந்துச்சு. தேடி எடுக்கக் கொஞ்சம் நேரமாயிருச்சு. நான் திரும்புறதுக்குள்ள அது வாலை ஒரு அடி அடிச்சுச்சு. மூச்சு வந்ததும் பலம் வந்துருச்சு போல. வலை அப்படியே பொரண்டு தொம்மை மேல விழுந்து, அவன் காலைச் சுத்தி, ரெண்டு பேரும் கீழ போயிட்டாங்க. தண்ணி மேல ஒண்ணும் இல்லை. சேறு கலங்கி மேல வருது. தொம்மை வந்த வள்ளத்துல இருந்த வயசாளி கையைத் தலையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு.

எனக்கு ரீத்தா வாசல்ல நின்னது ஞாபகம் வந்துச்சுன்னு சொன்னா நல்லா இருக்கும். ஆனா அதெல்லாம் வரலை. எதுவும் வரலை. கத்தியோட குதிச்சுட்டேன்.

கீழ கண்ணு தெரியலை. புல்லு மூஞ்சியில அடிக்குது. கையால தடவித் தடவிப் பாக்குறேன். வலை, வலை, எங்க தொட்டாலும் வலை. அப்புறம் ஒரு கால் அகப்பட்டுச்சு. மனுசக் கால். அறுக்கிற இடம், அறுக்காத இடம் ஒண்ணும் பாக்கலை. கையில வந்ததையெல்லாம் அறுத்தேன். அவன் கெண்டைக்காலையும் சேர்த்துக் கொஞ்சம் அறுத்துட்டேன். மூச்சு முட்டி மேல வந்தா அவனும் பக்கத்துல வந்துட்டான். இருமுறான், வாந்தி எடுக்குறான். தண்ணி செவப்பா இருக்கு. கொஞ்சம் தள்ளி ஆவுளியா மேல வந்துச்சு, ஒரு மூச்சு விட்டுச்சு, போயிருச்சு. கழுத்தைத் தொட்டுப் பாத்தேன், போன் இல்லை. அந்தப் புல்லுக்குள்ள எங்கயோ கிடக்கு, அந்தப் படத்தோட.

கரையில வனத்துறை அதிகாரி வந்துட்டாரு. யாரோ சொல்லிட்டாங்க. வந்தவர் மொதல்ல கேட்டது, புல்லு மேல திருக்கை வலை எப்படி வந்துச்சுன்னுதான். தொம்மை மணல்ல உக்காந்திருக்கான், காலுல துண்டைச் சுத்தி. அவன் தலையைத் தூக்கி, "நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருச்சு சார். மச்சான் பக்கத்துலதான் போட்டிருந்தாரு"ன்னான். அதிகாரி அவனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. சரின்னு எழுதிக்கிட்டாரு. தொம்மை பொய் சொல்ல மாட்டான், ஊருக்கே தெரியும். நீங்களே விசாரிச்சுக்கலாம். அவனே சொல்லிட்டான்ல, அப்ப நீரோட்டம்தானே?

அதோட அவன் நிறுத்தலை. அறுத்தது யாருன்னு கேட்டதுக்கு, "மச்சான்தான் அறுத்தாரு. ஆவுளியாவையும் அறுத்து விட்டாரு, என்னையும் அறுத்து விட்டாரு"ன்னான். கூடி நின்னவங்க சிரிச்சாங்க, அழுதாங்க. ரீத்தா ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எல்லார் முன்னாலயும் என் கையைப் பிடிச்சு அவ கண்ணுல ஒத்திக்கிட்டா. எனக்கு இழுத்துக்கவும் தெரியலை, குடுக்கவும் தெரியலை.

எனக்கும் சால்வை போட்டாங்க தம்பி. சொல்ல மறந்துட்டேன். அதே மாதிரிப் பந்தல், அதே மாதிரிச் சால்வை. தொம்மை காலை நொண்டிக்கிட்டு வந்து மொத வரிசையில உக்காந்து கை தட்டுனான். நான்தான் மேடையில நின்னேன், என்னைத்தான் படம் எடுத்தாங்க. இதுக்குத்தானே தவிச்சேன்னு கேப்பீங்க. தவிச்சேன்னு வச்சுக்கங்க. வந்துச்சா? வந்துச்சு. யாரால வந்துச்சு? அவன் சொன்ன வார்த்தையால வந்துச்சு. தன் இலையில இருக்கிற சோத்தை அள்ளி அடுத்தவன் இலையில வைக்கிற மாதிரி எடுத்து வச்சுட்டான். அவன்கிட்ட அவ்வளவு கிடக்கு, எடுத்து வைக்கிறதுக்கு. சால்வை போட்டுக்கிட்டு நிக்கிறேன், எனக்கு அவனைப் பாத்துத்தான் எரியுது. இப்படியும் ஒரு மனுசனுக்கு இருக்குமான்னு நீங்க நினைக்கலாம். இருக்கு.

அதுகூடப் போகட்டும். சால்வை போட்ட அன்னைக்குச் சாயங்காலம் கால் எப்படி இருக்குன்னு பாக்க அவன் வீட்டுக்குப் போனேன். ரீத்தா காப்பி குடுத்துட்டு உள்ள போயிட்டா. அவன் பேசாம இருக்கிறது வழக்கம், நான் பேசாம இருந்தது அன்னைக்குத்தான். அப்புறம் அவனா மெதுவா ஆரம்பிச்சான். "மச்சான், கீழ போனோம்ல, அப்ப அது என்னைப் பாத்துச்சு." எப்படிப் பாத்துச்சுன்னு கேட்டேன். அவன் யோசிச்சான். "சின்னக் கண்ணு மச்சான். இவ்வளவு கிட்ட. சொல்லத் தெரியலை"ன்னான். சொல்லிட்டு அவனுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.

நானும் அந்தத் தண்ணிக்குள்ளதானே தம்பி இருந்தேன்? அதே கலங்கல், அதே புல்லு. எனக்கு வலைதான் தெரிஞ்சுச்சு. ரெண்டு தடவை என் வலையிலதான் வந்துச்சு. ரெண்டு தடவையும் அவன்கிட்டப் போயிருச்சு. படம் வேணாம், சால்வை வேணாம், பத்திரிகை வேணாம். அது ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாத்திருந்தா நான் சும்மா இருந்திருப்பேன். அதை யாரும் எடுத்து என் இலையில வைக்க முடியாதுல்ல? அவன்கூட வைக்க முடியாது.

அதுக்கப்புறம் நான் கடலுக்குப் போகலை. காதுல தண்ணி போயி அது ஒரு பக்கம் மந்தமாயிருச்சு. வள்ளத்தை அவன்கிட்டயே குடுத்துட்டேன், நீ ஓட்டு மச்சான்னு. நான் கரையில வலை பாத்துக்குறேன். சலேத்துக்குச் சந்தோசம். ரீத்தா தினம் வீட்டுக்கு வர்றா. எல்லாம் பழையபடி ஆயிருச்சு, பாக்குறவங்களுக்கு.

அவன் கரையேறுனதும் நான் கேக்குற மொத கேள்வி, பாத்தியாங்கிறதுதான். இல்லை மச்சான்னு சொல்லுவான். தினமும் இல்லைன்னுதான் சொல்றான். நான் அவன் கண்ணைப் பாப்பேன். புல்லைத் தாண்டித்தான் போறான், புல்லைத் தாண்டித்தான் வர்றான், ஒரு நாள்கூடவா கண்ணுல படாது? அதிகாரிகிட்ட அவ்வளவு நிதானமாச் சொன்னவன், என்கிட்டச் சொல்ல மாட்டானா? என் மனசு நோகுமேன்னு மறைக்கிறானோ என்னமோ. மறைச்சாலும் குத்தம், சொன்னாலும் குத்தம், அவனும் பாவம்தான்.

அந்தா தெரியுது பாருங்க, நீலம் அடிச்ச வள்ளம். அதுதான். வந்துட்டான். நான் போய்க் கயித்தைப் பிடிக்கணும், தனியா ஏத்த முடியாது அவனால, கால் இன்னும் முழுசாச் சரியாகலை.

தம்பி, ஒண்ணு சொல்றேன். நீங்க படிச்ச ஆளு, கேக்குற விதத்துல கேட்டா அவனுக்கு வார்த்தை வந்தாலும் வரும். அந்தக் கண்ணு எப்படி இருந்துச்சு, எப்படிப் பாத்துச்சுன்னு நல்லாக் கேளுங்க. விடாமக் கேளுங்க. ஆனா நான் மீன்கூடையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போனப்புறம் கேளுங்க. நான் இருக்கும்போது கேக்காதீங்க.